எந்திரவியல் கேள்வி–பதில்: ஒரே கேமில் இரண்டு பொருள்

சுழன்றபடியே எதிரில் தொடும் உறுப்பை (ஃபாலோயர்) தள்ளி அசைக்கும் இயந்திரத் துண்டான கேமின் தேய்மானத்தைப் பற்றியும், இரண்டு மூன்று பொருட்களைச் சேர்த்துக் கேமை வலுவாக்குவதைப் பற்றியும் வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்துப் பதில் தருகிறோம். ஒரே கருத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் விசைத்தறிகள் மேல்பிக்கிங் வகையைச் சேர்ந்தவை. நாடாவை அடித்து ஓட்டும் பிக்கிங் கேமின் மூக்கு, அதாவது துருத்திய முனை, விரைவில் தேய்ந்துவிடுவதால் நாடா (ஊடை நூலைச் சுமந்து ஓடும் கட்டை) எதிர்ப்பெட்டிக்குச் சரியாகப் போய்ச் சேருவதில்லை. மூக்கின் மேல் வெல்டிங் வைத்து, அரைத்து, மறுபடியும் பொருத்துகிறோம். சில நாட்களில் வைத்த உலோகம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடுகிறது. கேம் முழுவதையும் உயர்ந்த அலாய் ஸ்டீலில் கடைந்து முழுக்க ஹார்டனிங் செய்துவிட்டால் இந்தத் தொல்லை தீருமா?
— விசைத்தறி உரிமையாளர், சோமனூர்

பதில்: தீராது; செலவு கூடும், கேம் உடையும் வாய்ப்பும் கூடும். உங்கள் தறியில் இருக்கும் பழைய கேமை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். தண்டில் ஏறும் நடுப்பகுதியும் தட்டும் வார்ப்பிரும்பில் இருக்கும்; பிக்கிங் கோனை (அடியை வாங்கி நாடாவுக்குக் கடத்தும் கூம்பு உருளை) அடிக்கும் மூக்கு மட்டும் தனி எஃகுத் துண்டாக போல்ட் போட்டுப் பொருத்தப்பட்டிருக்கும். வார்ப்பிரும்பு அதிர்வை உள்வாங்கும், மலிவாக வார்க்கலாம், ஆனால் அடி தாங்காது. கடினப்படுத்திய எஃகு அடியையும் உராய்வையும் தாங்கும். எந்த இடத்துக்கு எது தேவையோ அதை அங்கே மட்டும் வைத்த அந்த வடிவமைப்பு இன்றைக்கும் சரியானது. நீங்கள் மாற்ற வேண்டியது மூக்கை மட்டுமே.

முழுக்கக் கடினப்படுத்திய கேம் ஏன் உடைகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மூக்கை எப்படிச் செய்ய வேண்டும் என்பதும் விளங்கும். தறியின் கீழே சுழலும் அடித்தண்டின் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை கேம் கோனை அறைகிறது. நிமிடத்துக்கு 120 பிக் (நாடா ஓட்டம்) ஓடும் தறியில் ஒவ்வொரு பக்கமும் நிமிடத்துக்கு 60 அறை விழுகிறது. இந்த அறையைத் தாங்க மேற்பரப்பு கடினமாகவும், அதற்கு அடியில் இருக்கும் உலோகம் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும் தன்மையுடனும் இருக்க வேண்டும். உள்ளும் புறமும் ஒரே மாதிரி 60 ராக்வெல் சி (உலோகக் கடினத்தை அளக்கும் அளவுகோல்) கடினத்தன்மை கொண்ட துண்டில் ஒரு சிறு விரிசல் தோன்றினால் அதைத் தடுத்து நிறுத்த உள்ளே எதுவும் இருக்காது.

ஆகவே கரி (கார்பன்) குறைந்த எஃகை எடுத்துக் கார்புரைசிங் செய்யுங்கள். நம் பகுதிக் கடைகளில் கிடைக்கும் 20எம்என்சிஆர்5 என்னும் மாங்கனீஸ்–குரோமியம் எஃகு இதற்கு மிகவும் பொருத்தமானது. 900 முதல் 950 டிகிரி வரை சூட்டில் மேற்பரப்புக்குள் கரியைச் செலுத்தி எண்ணெயில் குளிர்வித்தால், வெளியே 58 முதல் 62 ராக்வெல் சி வரையும், உள்ளே அதைவிட வெகுவாகக் குறைந்த கடினத்தன்மையும் கிடைக்கும். குளிரும்போது கரி மிகுந்த வெளித்தோல் கடைசியில் உருமாறி விரிய முயல்வதால், அந்தத் தோலில் அமுக்கத் தகைவு (உலோகத்துக்குள்ளேயே நிற்கும் அழுத்தம்) நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. விரிசல் திறக்கவிடாமல் அழுத்திப் பிடிப்பது இதுதான். ஒரே துண்டு எஃகுக்குள் இரண்டு பொருட்களை வைப்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கடினமான தோலின் ஆழத்தை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலாகக் கேளுங்கள். சூட்டுப் பட்டறையிலிருந்து வந்த துண்டு கொஞ்சம் கோணியிருக்கும். அதைச் சரிசெய்ய அரைக்கும்போது ஒரு பக்கம் கூடுதலாகப் போய்விடும். 0.8 மில்லிமீட்டர் தோலில் 0.3 மில்லிமீட்டர் அரைபட்டால் மீதி 0.5 மட்டுமே. அரைக்கும்போது மூக்கில் வைக்கோல் நிறமோ நீல நிறமோ தெரிந்தால் அந்த இடம் சூட்டில் தளர்ந்துவிட்டது என்று பொருள். அந்தத் துண்டைப் பொருத்த வேண்டாம்.

வெல்டிங் பெயர்வதற்கான காரணமும் இதையொட்டியதே. கரி அதிகமுள்ள தோலின் மேல் முன்சூடேற்றாமல் வெல்டிங் வைத்தால், இணைப்பின் ஓரத்தில் உலோகம் சட்டென்று குளிர்ந்து கண்ணாடி போல நொறுங்கும் ஒரு பட்டை உருவாகும். மேலே வைத்தது நல்ல எலக்ட்ரோடாகவே இருந்தாலும் பெயர்வது அந்தப் பட்டையில்தான். பெயர்ந்த சில்லின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்: வெல்டு உலோகத்தோடு பழைய மூக்கின் எஃகும் ஏடாக ஒட்டிக்கொண்டு வந்திருக்கும்.

கடைசியாக இணைப்பைப் பற்றி. மூக்கை வார்ப்பிரும்பு உடலில் பொருத்தும்போது அடியின் விசை முழுவதையும் போல்ட் தாங்கும்படி விடக்கூடாது. உடலில் ஒரு படி வெட்டி, மூக்கின் பின்புறம் அதில் முட்டி நிற்கும்படி செய்யுங்கள். போல்ட்டின் வேலை இழுத்துப் பிடிப்பது மட்டுமாக இருக்கட்டும். இரு முகங்களிலும் புளூ (ஒட்டும் இடத்தைக் காட்டும் நீலச் சாயம்) தடவிப் பார்த்து, பெரும்பகுதி ஒட்டும் வரை அரம் போட்டுச் சரிசெய்ய வேண்டும். ஒரு மூலையில் மட்டும் ஒட்டும் மூக்கு எவ்வளவு நல்ல எஃகானாலும் தன்னையும் தளர்த்திக்கொண்டு போல்ட்டையும் அறுத்துவிடும்.

கேள்வி: இரண்டு பொருட்களைச் சேர்த்தால் கேம் வலுவாகும் என்கிறார்கள். எவ்வளவு வலுவாகும் என்று கணக்கிட முடியுமா? பாடப்புத்தகத்தில் கேமின் வடிவம் வரைவது மட்டுமே இருக்கிறது.
— பொறியியல் மாணவி, திருச்சிராப்பள்ளி

பதில்: முடியும். 1880-களின் தொடக்கத்தில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ், இரண்டு வளைந்த திண்மங்கள் ஒன்றையொன்று அழுத்தும்போது தொடும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கணித்துக் காட்டினார். கேமும் ஃபாலோயரும் ஒரு கோட்டில் தொடும்போது உண்டாகும் உச்ச அழுத்தத்தின் இருமடி, ஒரு மீட்டர் அகலத்துக்கான விசையையும் கூட்டு மீள்மைக் குணகத்தையும் பெருக்கி, அதை π-யும் கூட்டு வளைவு ஆரமும் பெருகிய தொகையால் வகுத்தால் கிடைக்கும். கூட்டு மீள்மைக் குணகம் என்பதைக் காண, ஒவ்வொரு பொருளுக்கும் ஒன்றிலிருந்து பாய்சான் விகிதத்தின் (இழுக்கும்போது குறுக்கே சுருங்கும் பங்கு) இருமடியைக் கழித்து அதன் யங் குணகத்தால் (பொருளின் விறைப்பு அளவு) வகுத்து, இரண்டையும் கூட்டித் தலைகீழாக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கேமின் மூக்கு ஆரம் 8 மில்லிமீட்டர், அகலம் 12 மில்லிமீட்டர், ஃபாலோயர் தட்டையானது (ஆகவே கூட்டு ஆரமும் 8), விசை 1000 நியூட்டன். இரண்டும் எஃகு என்றால் யங் குணகம் 207 கிகாபாஸ்கல், பாய்சான் விகிதம் 0.3; கூட்டுக் குணகம் ஏறத்தாழ 114 கிகாபாஸ்கல். உச்ச அழுத்தம் சுமார் 614 மெகாபாஸ்கல் வருகிறது. தொடும் பட்டையின் பாதி அகலம் 0.086 மில்லிமீட்டர் மட்டுமே. 1000 நியூட்டன் என்பது ஏறத்தாழ நூறு கிலோ எடை. அது முழுவதும் ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு அகலமுள்ள கீற்றின் மேல் நிற்கிறது.

இப்போது கேமை அப்படியே எஃகாக வைத்துக்கொண்டு, ஃபாலோயரின் முகத்தை மட்டும் பாஸ்பர் பிரான்ஸாக மாற்றுங்கள். பிரான்ஸின் யங் குணகம் சுமார் 110 கிகாபாஸ்கல். கூட்டுக் குணகம் 80-க்கு இறங்குகிறது. உச்ச அழுத்தம் 516 மெகாபாஸ்கலாகிறது. விசையைக் குறைக்காமல், அளவுகளை மாற்றாமல், பொருளை மட்டும் மாற்றியதில் 16 சதவீதம் குறைந்துவிட்டது. மேற்பரப்புக் களைப்பு ஆயுள் (திரும்பத் திரும்ப அழுந்திச் சேதமாகும் வரையான காலம்) அழுத்தத்தின் உயர்ந்த அடுக்கைப் பொறுத்து மாறுவதால் இந்த 16 சதவீதம் சிறிய லாபமில்லை. அதோடு எஃகும் பிரான்ஸும் ஒன்றோடொன்று எளிதில் ஒட்டிக் கிழிபடாது. ஒரே வகை எஃகு இரண்டு பக்கமும் இருந்தால் எண்ணெய்ப் படலம் ஒரு கணம் அறுந்தாலும் ஒட்டிக் கிழியும்.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பிரான்ஸ் 516 மெகாபாஸ்கலை நெடுநாள் தாங்குமா என்பது தனிக் கேள்வி. அழுத்தத்தை 16 சதவீதம் குறைத்துவிட்டு, தாங்கும் திறனைப் பாதியாக்கினால் நஷ்டமே. இதனால்தான் பிரான்ஸ் ஃபாலோயரை மெதுவான, சறுக்கல் மிகுந்த, மிதமான விசையுள்ள இடங்களில் மட்டும் வைக்கிறார்கள். வேகமும் விசையும் கூடும் இடங்களில் இரண்டு பக்கமும் கடின எஃகை வைத்து, சறுக்கலை உருளலாக மாற்ற ரோலரைச் சேர்க்கிறார்கள். அங்கேயும் ஒரு விலை உண்டு: 8 மில்லிமீட்டர் ஆரமுள்ள ரோலரை அதே மூக்கின் மேல் வைத்தால் கூட்டு ஆரம் 4 மில்லிமீட்டராகச் சுருங்கி, அழுத்தம் 868 மெகாபாஸ்கலுக்கு ஏறிவிடும். ரோலர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும்.

இன்னும் ஒன்று: வெட்டுத் தகைவின் (உலோகத்தை ஏடு ஏடாகச் சறுக்கவைக்கும் தகைவு) உச்சம் மேற்பரப்பில் இல்லை, பாதி அகலத்தின் 0.78 பங்கு ஆழத்தில், அதாவது நம் முதல் கணக்கில் 0.067 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது. சறுக்கல் உராய்வு கூடக் கூட அது மேலே ஏறி வரும். குழிகள் உள்ளிருந்து தொடங்கி வெளியே வெடிப்பதற்கும், எண்ணெய் குறைந்த கேம்களில் மேற்பரப்பே முதலில் கிழிவதற்கும் இதுவே காரணம். அப்படியானால் தோலின் ஆழம் 0.1 மில்லிமீட்டர் போதாதா என்று கேட்கத் தோன்றும். போதாது, தகைவு உச்சத்தைத் தாண்டியதும் சட்டென்று மறைவதில்லை, மெதுவாகவே தணிகிறது. அது உள் உலோகத்தால் தாங்கக்கூடிய அளவுக்குத் தணிந்த பிறகே தோல் முடிய வேண்டும்.

கேள்வி: அப்படியானால் சாதாரண கேமின் மேல் டிஎல்சி (வைரம் போன்ற கார்பன் படலம்) போன்ற கடினப் பூச்சைப் பூசிவிட்டால் போதுமல்லவா?
— கருவிக்கூடப் பணியாளர், ஓசூர்

பதில்: ஏரி வற்றும்போது சேற்றின் மேல் காய்ந்து நிற்கும் ஏட்டில் கால் வைத்தால் என்ன ஆகுமோ, மென்மையான எஃகின் மேல் பூசிய டிஎல்சிக்கும் அதுவே ஆகும். பூச்சின் தடிமன் சில மைக்ரான். தகைவின் உச்சமோ பல பத்து மைக்ரான் ஆழத்தில். பூச்சு உராய்வைக் குறைக்கும், ஒட்டுதலைத் தடுக்கும். சுமையைத் தாங்க வேண்டியது அடியில் இருக்கும் கடினத் தோல்தான். நிசான் நிறுவனம் 2006-ல் தன் வி6 எஞ்சின்களின் வால்வு லிஃப்டர்களில் ஹைட்ரஜன் கலவாத டிஎல்சி பூச்சைக் கொண்டுவந்தபோது, உராய்வைக் குறைப்பதே அதன் நோக்கமாக இருந்தது.

பூச்சுக்கு அனுப்பும் முன் சூட்டைக் கேட்டுக்கொள்ளுங்கள். டைட்டானியம் நைட்ரைடு போன்ற பூச்சுகளை 450 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஏற்றுவது வழக்கம். கார்புரைசிங் செய்த எஃகை 150 முதல் 200 டிகிரியில்தான் டெம்பர் செய்கிறோம் (மறுபடி சூடேற்றிப் பதப்படுத்துகிறோம்); அதை 450 டிகிரிக்குக் கொண்டுபோனால் 60 ராக்வெல் இருந்த தோல் தளர்ந்துவிடும். பூச்சு பளபளவென்று வரும், அடித்தளம் போயிருக்கும். அத்தகைய பூச்சு வேண்டுமென்றால் 500 டிகிரிக்கு மேல் டெம்பர் செய்யத் தகுந்த டி2 போன்ற டூல் ஸ்டீலையோ, அதே சூட்டில் நைட்ரைடிங் (நைட்ரஜன் ஏற்றிக் கடினப்படுத்துதல்) செய்த எஃகையோ அடித்தளமாகக் கொள்ள வேண்டும். ஏறத்தாழ 200 டிகிரியில் பூசப்படும் டிஎல்சியானால் கார்புரைசிங் செய்த எஃகோடு ஒத்துப்போகும்.

கேள்வி: எஞ்சின் வேலைக்கு வரும் சில புதிய கார்களின் கேம்ஷாஃப்ட் உள்ளே குழாயாக இருக்கிறது, கேம் லோப்கள் (வால்வைத் தள்ளும் புடைப்புகள்) தனித்தனியாக ஏற்றப்பட்டவை போலத் தெரிகின்றன. இவை நழுவாதா? பழைய வார்ப்பு ஷாஃப்டைவிட இவை உண்மையிலேயே மேலானவையா? மறுபடி அரைக்கலாமா?
— எஞ்சின் பட்டறை உரிமையாளர், மதுரை

பதில்: நீங்கள் பார்ப்பது கோத்துச் செய்த கேம்ஷாஃப்ட். பழைய வார்ப்பு ஷாஃப்டும் ஒரு வகையில் கலப்புப் பொருள்தான் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மணல் அச்சில் லோப் மூக்கு வரும் இடங்களில் மட்டும் இரும்புத் துண்டுகளைப் பதித்து வைத்து உருகிய இரும்பை ஊற்றுவார்கள். அந்த இடம் விரைவாகக் குளிர்வதால் கரி, கிராஃபைட்டாகப் பிரியாமல் இரும்போடு சேர்ந்து கார்பைடாக நின்றுவிடும். லோப் வெள்ளை வார்ப்பிரும்பாகவும், தண்டும் ஜர்னல்களும் (பேரிங்கில் சுழலும் பகுதிகள்) கடைவதற்கு எளிதான சாம்பல் வார்ப்பிரும்பாகவும் அமையும். ஒரே ஊற்றில் இரண்டு பொருள். இது எளிய முறை, இன்றும் மதிக்கத்தக்கது.

கோத்த ஷாஃப்டில் இந்தப் பிரிவு இன்னும் தெளிவாகிறது. தண்டு, கரி குறைந்த எஃகுக் குழாய். லோப்கள் தூள் உலோகத்தை அழுத்திச் சுட்டுச் செய்தவை, அல்லது 100சிஆர்6 போன்ற பேரிங் எஃகில் ஃபோர்ஜ் செய்து கடினப்படுத்தியவை. லோப்களை உரிய கோணங்களில் வரிசையாக நிறுத்தி, குழாயின் உள்ளே நீர்ம அழுத்தம் கொடுத்து அதை விரித்து இறுக்குவது ஒரு முறை; குழாயின் மேல் வரிவரியாக நர்லிங் உருட்டி, அதன் மேல் லோப்பை அழுத்தி ஏற்றுவது மற்றொரு முறை; சூடேற்றிய லோப்பைக் குளிர்ந்த குழாயில் ஏற்றுவதும் உண்டு. லோப்புக்கு வேண்டிய கடினத்தைத் தண்டின் மேல் திணிக்க வேண்டியதில்லை. தண்டுக்கு வேண்டிய வளையும் தன்மைக்காக லோப்பை விட்டுக்கொடுக்க வேண்டியதுமில்லை.

எடையில் கிடைக்கும் லாபத்தை எளிதாகக் கணக்கிடலாம். 25 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள திண்மத் தண்டுக்குப் பதில் 17 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயை வைத்தால் எடை 46 சதவீதம் குறையும். முறுக்கு விறைப்போ 21 சதவீதம் மட்டுமே குறையும். தண்டின் நடுவில் இருக்கும் உலோகம் முறுக்கத்துக்கு அவ்வளவாக உதவுவதில்லை.

நழுவுமா என்ற கேள்விக்கு: எஞ்சின் வேலையில் வரும் முறுக்கத்தைவிடப் பல மடங்கு தாங்கும்படியே இணைப்பு வடிவமைக்கப்படுகிறது. பட்டறையில் நாம் செய்யும் சில வேலைகள்தாம் அதைக் கெடுக்கும். கோணிய ஷாஃப்டைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தாதீர்கள், லோப்பின் அருகில் கேஸ் விளக்கைக் காட்டாதீர்கள், வெல்டிங் வைக்கவே வைக்காதீர்கள். மூன்றும் இறுக்கத்தைத் தளர்த்தும். ஷாஃப்டைத் திரும்பப் பொருத்தும் முன் வி பிளாக்கில் வைத்து, டயல் கேஜ் கொண்டு எல்லா லோப்களின் உச்சக் கோணத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள்; ஒன்று மட்டும் விலகியிருந்தால் அந்த ஷாஃப்ட் கழிவுக்குத்தான். மறுபடி அரைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். லோப்பின் அடிவட்டப் பக்கம் (மூக்குக்கு எதிர்ப்பக்கம்) ஏற்கெனவே மெல்லிய வளையம்; அதை மேலும் மெலிவாக்கினால் குழாயின் இறுக்கத்தைத் தாங்காமல் பிளக்கலாம்.

கேள்வி: பழைய கார் ஒன்றின் தட்டை டேப்பெட் (கேம் மேல் சறுக்கும் தட்டை முக ஃபாலோயர்) கேமைப் புதிதாக மாற்றிய பிறகும் சீக்கிரம் தேய்கிறது. பொருள் சரியாகத்தான் இருக்கிறது.
— வாசகர், புதுச்சேரி

பதில்: எண்ணெயையும் வடிவமைப்பில் ஒரு பொருளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த தேய்மானத் தடுப்பு உப்பு கேமின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து உலோகத்தைக் காக்கிறது. புகையைச் சுத்தமாக்கும் வினையூக்கி மாற்றியைப் பாதுகாப்பதற்காகப் புதிய கார்களின் எண்ணெய்களில் பாஸ்பரஸைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 2004-ல் வந்த ஐஎல்எஸ்ஏசி ஜிஎஃப்-4 என்னும் எஞ்சின் எண்ணெய்த் தரத்தில் அதன் மேல்வரம்பு 0.08 சதவீதம். ரோலர் ஃபாலோயருக்கு அது போதும், பழைய தட்டை டேப்பெட்டுக்குப் போதாமல் போகலாம். பழைய எஞ்சின்களுக்கென்று அந்த உப்பு கூடுதலாகச் சேர்த்து விற்கப்படும் எண்ணெயை ஊற்றுங்கள். பழைய டேப்பெட்டைப் புதிய கேமோடு சேர்க்கவும் வேண்டாம்.

கேள்வி: சிறு பாக்கெட் நிரப்பும் இயந்திரம் செய்கிறோம். சத்தத்தையும் எண்ணெய் சிந்துவதையும் தவிர்க்க நைலான் கேம் போட்டோம். அளவு மாறிக்கொண்டே இருக்கிறது. ஹைலம் தகட்டில் வெட்டியதோ ஏடு ஏடாகப் பிரிகிறது. என்ன செய்யலாம்?
— இயந்திர உற்பத்தியாளர், கோயம்புத்தூர்

பதில்: பிளாஸ்டிக்கைக் கேமில் வைக்காமல் ரோலரில் வையுங்கள். உங்கள் இரண்டு தொல்லைகளுக்கும் இதுவே மருந்து. கேமில் ஒவ்வொரு சுற்றிலும் அதே மூக்குதான் சுமையைத் தாங்குகிறது. ரோலரிலோ தொடும் இடம் மாறிக்கொண்டே போவதால் சுற்றளவு முழுவதும் தேய்மானம் பரவும். தேய்ந்தால் மாற்ற வேண்டியதும் விலை குறைந்த உருளை. அரைத்துச் செய்த கேம் அப்படியே இருக்கும்.

நைலான் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நைலான் 6 முழுக்க ஈரமேறினால் தன் எடையில் 9 சதவீதத்தை ஒட்டி நீரைக் குடித்துவிடும். அதனால் ஊதும், மென்மையாகும். மழைக்காலத்தில் அளவு மாறுவது இதனால்தான். அசிடால் என்னும் டெல்ரின் வகை அதில் மிகச் சிறு பங்கையே உறிஞ்சும். ரோலருக்கு அதையே எடுங்கள். விசையைக் கணக்கிட மறக்க வேண்டாம். முன்பு சொன்ன 1000 நியூட்டன் கணக்கில் ஃபாலோயரின் முகத்தை 3 கிகாபாஸ்கல் குணகமுள்ள பிளாஸ்டிக்காக மாற்றினால், அழுத்தம் 614-லிருந்து சுமார் 108 மெகாபாஸ்கலாகச் சரிகிறது. ஆனாலும் அது பிளாஸ்டிக் தாங்கும் அளவைத் தாண்டியது. 100 நியூட்டனானால் 34 மெகாபாஸ்கல், அது தாங்கத்தக்கது. பாக்கெட் இயந்திரங்களில் பெரும்பாலும் இந்த இரண்டாவது நிலைதான். இரவில் இயந்திரத்தை நிறுத்தும்போது ரோலர் கேமின் உச்சியில் அழுந்தி நிற்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அழுந்தியே நின்றால் ஓரிடம் தட்டையாகி, காலையில் ஓட்டும்போது தடதடக்கும்.

ஹைலம் துணியடுக்குகளைப் பிசினால் ஒட்டியது. தகட்டிலிருந்து கேமை வெட்டினால் அடுக்குகளின் ஓரங்கள்தாம் ரோலரைச் சந்திக்கின்றன. ரோலர் சற்றே சாய்ந்திருந்தாலும் ஒரு பக்க அடுக்கை மட்டும் அழுத்தி நெம்பிப் பிரிக்கும். ஹைலத்தையே வைத்துக்கொள்ள விரும்பினால் இருபுறமும் மெல்லிய எஃகுத் தகடுகளை வைத்து ரிவிட் அடித்து, ரோலரின் முகத்தை நடுவில் மிகச் சிறிதளவு புடைத்திருக்கும்படி செய்யுங்கள். கண்ணாடியிழை கலந்த நைலான் வலுவானது என்று யாராவது சொன்னால், அந்த இழை எதிரில் இருக்கும் மென்மையான எஃகை அரித்துவிடும் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எடையைக் குறைக்க, அலுமினிய உடலும் வெளியே கடின எஃகு வளையமும் கொண்ட கேம் செய்ய எண்ணுகிறேன். தண்டு எஃகு. எதைக் கவனிக்க வேண்டும்?
— வடிவமைப்பாளர், சென்னை

பதில்: முதலில், எடையைக் குறைக்க வேண்டிய இடம் கேமா என்று பாருங்கள். சீரான வேகத்தில் சுழலும் கேமின் எடை பெரிதாகத் தொல்லை தருவதில்லை. பல நேரங்களில் அது பறக்கும் சக்கரம் (ஃப்ளைவீல்) போல உதவவும் செய்யும். முன்னும் பின்னும் பாய்வது ஃபாலோயர்; அதன் எடைதான் விசையாகத் திரும்பி வந்து கேமைத் தேய்க்கிறது. அலுமினியத்தை ஃபாலோயரின் கையில் வைத்தால் கேமின் ஆயுளும் கூடும்.

கேமிலேயே வைக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் வெப்ப விரிவைக் கணக்கிடுங்கள். அலுமினியம் ஒரு டிகிரிக்கு மில்லியனில் 23 பங்கும், எஃகு 11.5 பங்கும் விரிகின்றன. 25 மில்லிமீட்டர் தண்டில் 60 டிகிரி சூடு ஏறினால் அலுமினியத் துளை தண்டைவிட 17 மைக்ரான் கூடுதலாக அகலும். எச்7/பி6 என்னும் இறுக்கப் பொருத்தத்தில் கிடைக்கும் இறுக்கம் 1 முதல் 35 மைக்ரான் வரை. சூட்டில் பாதிக் கேம்கள் தளர்ந்துவிடும். ஆகவே தண்டில் ஏறுவது எஃகு ஹப்பாக (நடுக்குடம்) இருக்கட்டும். அதில் அலுமினியத் தட்டை டவல் பின்களும் போல்ட்டும் கொண்டு இணையுங்கள்.

வெளிவளையத்தில் நிலைமை நேர்மாறு: சூட்டில் அலுமினியம் விரிந்து வளையத்தை இன்னும் இறுக்கும். நல்லதுதானே என்று விட்டுவிட முடியாது. 60 மில்லிமீட்டர் விட்டத்தில் அதே 60 டிகிரிக்கு இறுக்கம் 41 மைக்ரான் கூடும். மெல்லிய வளையமானால் அதில் 140 மெகாபாஸ்கலை ஒட்டிய இழுதகைவு சேரும். கார்புரைசிங் தந்த அமுக்கத் தகைவில் ஒரு பகுதியை இது தின்றுவிடும். எனவே குளிர்நிலையில் இறுக்கத்தை மிதமாக வைத்து, சுழலாமல் நிறுத்தும் வேலையைப் பின்களுக்குக் கொடுங்கள். வளையமும் உடலும் சேரும் முகம் முழு வட்டமாகவே இருக்கட்டும். கேமின் வடிவத்தை வளையத்தின் வெளிப்புறத்தில் மட்டும் அரையுங்கள். கேம் வடிவிலேயே உள்முகத்தையும் வெட்டினால் இறுக்கம் இடத்துக்கு இடம் மாறி, மூக்கு ஒட்டாமல் நிற்கும்.

கேள்வி: செராமிக் ரோலர் போடலாமா?
— வாசகர், ஈரோடு

பதில்: வேகம் மிக அதிகமானால் போடலாம். சிலிக்கன் நைட்ரைடின் அடர்த்தி எஃகின் பாதிக்கும் குறைவு, எஃகோடு ஒட்டிக் கிழியாது. ஆனால் அதன் யங் குணகம் 310 கிகாபாஸ்கல் அளவில் இருப்பதால் அதே விசைக்குத் தொடும் அழுத்தம் எஃகு ரோலரைவிட 9 சதவீதம் கூடும். ரோலர் இலேசானதால் குறையும் விசை இதை ஈடுகட்டினால்தான் லாபம். மெதுவான இயந்திரத்தில் ஈடுகட்டாது.

கேள்வி: எங்கள் இயந்திரத்தில் கேமின் பொருளை மூன்று முறை மாற்றிவிட்டோம். ஒவ்வொரு முறையும் ஏறுமுகத்தின் நடுவில் ஒரே இடத்தில்தான் குழி விழுகிறது. அடுத்து எந்தப் பொருளுக்குப் போவது?
— பராமரிப்புப் பொறியாளர், சிவகாசி

பதில்: பொருளை விட்டுவிட்டு வடிவத்துக்குப் போங்கள். எல்லாப் பொருளிலும் ஒரே இடத்தில் குழி விழுந்தால் அந்த இடத்தில் விசை தாவுகிறது. உங்கள் கேம் வட்ட வில்களையும் நேர்கோடுகளையும் இணைத்து வரைந்ததாக இருக்கக்கூடும். வில்லும் கோடும் சேரும் புள்ளியில் கையால் தடவினால் வழவழப்பாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே முடுக்கம் ஒரே கணத்தில் மாறுகிறது, ஃபாலோயர் ஒரு நூலளவு எழும்பி மறுபடி அறைகிறது. விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்: குழிக்குச் சற்று முன்னால் மங்கலான பட்டையும், குழியைத் தாண்டிப் பளபளப்பான பட்டையும் தெரிந்தால் ஃபாலோயர் அங்கே தாவுகிறது என்று கொள்ளலாம்.

தூக்கம் (ஃபாலோயர் எழும் உயரம்) 20 மில்லிமீட்டர், ஏற்றத்துக்குத் தந்த கோணம் 90 டிகிரி, வேகம் நிமிடத்துக்கு 300 சுற்று, ஃபாலோயரின் எடை 4 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஏற்றத்துக்குக் கிடைக்கும் நேரம் 0.05 விநாடி. முடுக்கம் சீராக ஏறி இறங்கும் சைக்ளாய்டு வடிவத்தில் உச்ச முடுக்கம் 50 மீட்டர்/விநாடி², விசை சுமார் 200 நியூட்டன். திருத்திய சைன் வடிவத்தில் முடுக்கம் 44-க்கு இறங்கும். பரவளைய வடிவத்தில் 32 மட்டுமே வரும், அதைப் பார்த்து மயங்க வேண்டாம். அங்கேதான் முடுக்கம் திடீரென்று குதிக்கிறது. இயந்திரத்தின் நேர அட்டவணையில் இடமிருந்து ஏற்றக் கோணத்தை 90-லிருந்து 120 டிகிரியாக்க முடிந்தால், சைக்ளாய்டு வடிவத்திலேயே விசை 113 நியூட்டனுக்கு வந்துவிடும். வேகத்தை 300-லிருந்து 360-க்கு ஏற்றினாலோ விசை 1.44 மடங்காகும், உற்பத்தியைக் கூட்டச் சொல்லி அண்மையில் வேகத்தை ஏற்றியிருந்தால் அதையும் நினைத்துப் பாருங்கள்.

புது வடிவத்தைச் சிஎன்சியில் வெட்டும்போது புள்ளிகளை ஒரு டிகிரிக்கு ஒன்று என்று கொடுத்தால் மறுபடியும் சிறு சிறு நேர்கோடுகளின் தொடராகிவிடும். கால் டிகிரிக்கு ஒன்றாவது கொடுத்து, அரைத்த பிறகு அழுத்தக் கோணம் (கேம் தள்ளும் திசைக்கும் ஃபாலோயர் நகரும் திசைக்கும் இடையே உள்ள கோணம்) எங்கும் 30 டிகிரியைத் தாண்டவில்லை என்பதையும், ரோலரின் ஆரம் வளைவின் மிகக் குறைந்த ஆரத்தைவிடச் சிறியதாக இருப்பதையும் சரிபாருங்கள். இவ்வளவும் செய்த பிறகு, நீங்கள் முதலில் போட்டிருந்த எஃகே போதுமானதாக இருக்கலாம். பழைய கேம் கையில் இருந்தால், புதியதைச் செய்வதற்கு முன் அதன் தூக்க அளவுகளை டயல் கேஜில் டிகிரிக்கு டிகிரி எடுத்து அனுப்புங்கள். எந்த இடத்தில் தாவுகிறது என்பதைக் கணக்கிட்டு எழுதுகிறேன்.